குலுக்காத சீட்டுக்கு விழுந்த ஸ்கூட்டர்

நம் கடையின் விசாரணை மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மதுரைப் பழங்காநத்தத்தில் இருக்கும் அந்தக் கடையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். முதல் பதினாறு வருஷம் சேலைப் பிரிவில் நின்றேன். மீதி வருஷங்கள் விசாரணை மேசையில் போனும் கையுமாக உட்கார்ந்தேன். நின்றபோது கால் வலித்தது, உட்கார்ந்த பிறகு காது வலித்தது. எப்படி வணக்கம் சொல்வது, எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த மாடிக்கு இணைப்புப் போகும் என்பதையெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் சொல்லப் போவது வேறு. நான் அலட்சியமாகச் சொன்ன ஒரு "ஆமா"வால் ஒரு மனிதர் தன் தங்கச்சி பிள்ளைகளின் காதுத் தோட்டுப் பணத்தைப் பறிகொடுக்க இருந்தார். இன்றைக்கு அதைச் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறதென்றால் அந்தப் பெருமை எனக்குச் சேராது, ராகு காலத்துக்குத்தான் சேரும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆடி மாதம் அது. ஆடியில் நம் கடைக்குள் போனவர்கள் தாங்களாக வெளியே வருவதில்லை, கூட்டம்தான் தள்ளிக்கொண்டு வந்து ரோட்டில் விடும். அந்தக் கூட்டத்திலும் நம் பரிசுக் குலுக்கல் எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். துணி வாங்கினால் பில்லோடு ஒரு கூப்பன். பெயரும் போன் நம்பரும் எழுதி வாசலில் இருக்கும் இரும்பு உருளைக்குள் போட வேண்டும். உருளைக்குப் பூட்டு, பூட்டுக்கு மேல் அரக்கு முத்திரை. ஆடிக் கடைசி ஞாயிறன்று எல்லார் முன்னாலும் உடைத்துக் குலுக்குவோம். முதல் பரிசு ஸ்கூட்டர். மாலை போட்டுக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி அது வாசலிலேயே ஒரு மாதம் நிற்கும்.

ஒரு வியாழக்கிழமை மதியம். மேசையில் ஆறு இணைப்பிலும் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்தேன். ஆண் குரல், பேசும்போதே சிரிப்பு வந்தது.

"அக்கா, உங்க கடைல ஸ்கூட்டர் பரிசு குடுக்குறது நெசந்தானாக்கா?"

"ஆமா, உண்டு."

"கூப்பன் எழுதிப் போட்டவங்களுக்குத்தானக்கா?"

"ஆமா."

"டி. கல்லுப்பட்டிப் பக்கம்லாம் வீட்டுக்கே கொண்டாந்து குடுப்பீகளா?"

"வெளியூர் டெலிவரி உண்டு சார். கட்டணம் தனி."

"அம்புட்டுத்தாங்க்கா. நல்லா இருங்க."

என்னை வாழ்த்திவிட்டுப் போனை வைத்தார். நாற்பது விநாடிகூட ஆகியிருக்காது. ஒரு அழைப்பை ஒரு நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது எங்கள் மேசையின் கணக்கு, அதில் நான்தான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. டெலிவரி என்று நான் சொன்னது மேல்மாடியில் நாம் விற்கும் பீரோவையும் கட்டிலையும். அவர் எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருப்பேனா தெரியாது, இன்னும் ஐந்து விளக்கு மினுக்கிக்கொண்டிருந்ததே.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, பத்து மணி. என் பக்கத்து நாற்காலி சுலோச்சனாவுடையது. சௌராஷ்டிர வீட்டுப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னைவிடப் பத்து நிமிஷம் முன்னதாக எதையும் கண்டுபிடித்துவிடுவாள். கைப்பையைக்கூட வைக்காமல் தன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"அக்கா, நம்ம கடை நம்மகிட்டச் சொல்லாமலே ஸ்கூட்டர் குடுத்துக்கிட்டு இருக்கு, பாருங்க. எங்க குடும்பக் குரூப்புல நாத்தனார் அனுப்பியிருக்கா."

பார்த்தேன். நம் கடையின் பெயர், நம் கடையின் முத்திரை, நம் மஞ்சள் நிறம். போன வருஷம் பரிசு வாங்கியவர் சாவியோடு நிற்கும் படம்கூட நம்முடையதுதான், நம் பக்கத்திலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். பத்து அதிர்ஷ்டசாலிகளுக்குப் பத்து ஸ்கூட்டர், 'வேண்டும்' என்று எழுதினால் போதும் என்று இருந்தது. அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான 'வேண்டும்'. நடுநடுவே, 'எனக்கு வண்டி வந்துவிட்டது, நன்றி' என்று ஏழெட்டுப் பேர். பெயர்தான் வேறு வேறு, வாசகம் ஒரு எழுத்து மாறாமல் ஒன்று. அந்தப் பக்கத்தைத் தொடங்கியே இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

"பத்து ஸ்கூட்டராம்க்கா. ஒண்ணு குடுக்குறதுக்கே நம்ம முதலாளி மூணு வருஷம் யோசிச்சாரு" என்றாள் சுலோச்சனா.

நான் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினேன். டி. கல்லுப்பட்டி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து தருவீர்களா என்று அந்த மனிதர் கேட்டதும், கட்டணம் தனி என்று நான் சொன்னதும் வரிசையாக வந்தன. நான் சொன்ன மூன்று பதிலும் உண்மை. அந்த மூன்று உண்மையையும் சேர்த்து ஒரு பொய்க்கு நம் கடையின் முத்திரையைக் குத்திக் கொடுத்திருந்தேன். அழுகை வரும்போல இருந்தது, மறைப்பானேன்.

மேலாளரிடம் ஓடினோம். அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். போலிப் பக்கத்தைப் பற்றிப் போலீசுக்குப் புகார், நம் பக்கத்தில் எச்சரிக்கை, வாசலில் தட்டி. "போன் பண்ணுன ஒவ்வொரு ஆளையும் எங்கம்மா போய்த் தேடுவீங்க? இன்னைக்கு ஆடி வெள்ளி. சாயங்காலம் பாப்போம்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, கீழே கூட்டம் படியேறிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த டி. கல்லுப்பட்டிக்காரரிடம் "ஆமா" சொன்னது மேலாளர் இல்லை, நான். தட்டி எழுதும் வேலையையும் மேசையையும் சுலோச்சனா பார்த்துக்கொண்டாள். நான் ஒரு போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை மதியம் அந்த நேரத்தை ஒட்டி வந்த நம்பர்கள் போனில் பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றையும் பில் போடும் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தேன். பில் போடும்போது போன் நம்பர் கேட்கிறோமே, எரிச்சலோடு சொல்வார்களே, அது அன்றைக்குத்தான் எனக்குப் பயன்பட்டது. ஏழாவது நம்பருக்குப் பெயர் வந்தது. காசிப்பாண்டி. டி. கல்லுப்பட்டி பக்கத்துக் கிராமம். முந்தின வாரம் வாங்கியவை: சின்னப் பெண்ணுக்குப் பட்டுப் பாவாடை, சின்னப் பையனுக்குப் பட்டு வேட்டி சட்டை. காதுகுத்துத் துணி என்று பார்த்ததுமே புரிந்தது. பதினாறு வருஷம் சும்மாவா நின்றேன்?

நம்பரை அடித்தேன். வேறு அழைப்பில் இருந்தார். மறுபடி அடித்தேன். வேறு அழைப்பு. பத்து இருபது, பத்து இருபத்தைந்து, பத்தரை. இத்தனை நேரம் ஒருவர் ஒரே அழைப்பில் இருந்தால் ஒன்று காதலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏமாற்றாக இருக்க வேண்டும். ஏமாற்றுகிறவர்கள் போனை வைக்க விடமாட்டார்கள். வைத்தால் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் அல்லவா, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவர்கள் பயப்படுவது.

பத்தே முக்காலுக்கு எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"மேடம், அதான் சொன்னேன்ல, வெள்ளிக்கிழம பத்தரைலருந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலம். வண்டிக்குக் கட்டுற காசு, ராகு காலத்துல அனுப்ப மாட்டேன். பன்னெண்டு அடிச்சதும் மொத ஆளா அனுப்புறேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்னும் அனுப்பவில்லை. நான் ராகு காலம் பார்க்கிறவள் இல்லை, பார்க்கிறவர்களைக் கேலி செய்கிறவள். அந்த நிமிஷம் ராகுவுக்கு ஒரு தேங்காய் உடைக்கலாமா என்று நினைத்தேன்.

"தம்பி, நான் அந்த மேடம் இல்ல. பழங்காநத்தம் கடையில இருந்து பேசுறேன். நேத்து மதியம் நீங்க பேசுனது என்கிட்டத்தான். அந்தப் பணத்த அனுப்பாதீங்க. அது எங்க கடை இல்ல, ஏமாத்து."

அவருக்குப் பின்னால் கோயில் மேளம் கேட்டது.

"நீங்கதான் ஏமாத்துற ஆளு" என்றார். குரலில் நேற்றைய சிரிப்பு இல்லை. "மேடம் அப்பவே சொன்னாக. பரிசு விழுந்தது தெரிஞ்சா பொறாமைல கடை பேரச் சொல்லியே கூப்புட்டுத் தடுப்பாய்ங்க, நம்பாதீகன்னு."

பாருங்கள், நமக்கு முன்னாலேயே நம் வழியில் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். நான் எவ்வளவு கத்துகிறேனோ அவ்வளவுக்கு அந்த மேடம் நல்லவளாகிவிடுவாள். கத்தத்தான் வாய் துடித்தது. இருபத்தெட்டு வருஷத்தில் நான் உருப்படியாக யோசித்த அரை நிமிஷம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"சரி தம்பி. என்னைய நம்ப வேணாம். அந்த அம்மாவையும் நம்ப வேணாம். உங்க ரெண்டு கண்ணையும் நம்புங்க. இப்ப எங்க இருக்கீங்க?"

"திருப்பரங்குன்றத்துல. மொதப் பத்திரிக்கைய முருகன்கிட்ட வைக்க வந்தேன்."

"கூப்புடு தூரந்தான். பன்னெண்டு வரைக்கும் நீங்க எப்படியும் அனுப்பப் போறதில்ல. அதுக்குள்ள கடைக்கு வந்து ஸ்கூட்டரப் பாத்துட்டு அனுப்புங்க. பாத்துட்டு நீங்க என்ன செஞ்சாலும் நான் தடுக்கல."

போனை வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

நான் ஆட்டோ பிடித்துத் திருப்பரங்குன்றம் போகிறேன் என்று கிளம்பினேன். சுலோச்சனா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஆடி வெள்ளிக் கூட்டத்துல பாக்காத மொகத்த எப்படிக்கா தேடுவீங்க? அவரு இங்க வந்து கேக்கும்போது நீங்க இல்லாட்டி, மேடம் சொன்னதுதான் நெசம்னு போயிருவாரு." அவள் சொன்னது சரி. பதறும்போது கால் ஓடத்தான் சொல்லும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதுதான் கஷ்டம். வாசலில் ஸ்கூட்டருக்கும் உருளைக்கும் நடுவே போய் நின்றேன். பதினொன்றே கால், பதினொன்றரை. வேட்டி கட்டி வந்த ஒவ்வொரு ஆணையும் "காசிப்பாண்டியா?" என்று கேட்டேன். ஒருவர் தன் மனைவியிடம், "பேரு சரியாச் சொன்னா தள்ளுபடி போல" என்று சொல்லிக்கொண்டு போனார்.

பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது ஒரு லோடு ஆட்டோ வந்து குறுக்கே நின்றது. முப்பத்தைந்து வயதுக்காரர் இறங்கினார். நெற்றி நிறைய விபூதி, தோளில் பத்திரிகைக் கட்டு வைத்த மஞ்சப்பை, கையில் போன். என்னிடம் வரவே இல்லை. நேராக மாலை போட்ட ஸ்கூட்டரிடம் போய் அதன் இருக்கையைத் தொட்டார்.

"இதாக்கா என் வண்டி?"

"இதுதான் தம்பி பரிசு வண்டி. யாரு வண்டின்னு இன்னும் எங்களுக்கே தெரியாது." அவரை உருளைப் பக்கம் திருப்பினேன். "இந்தா பாருங்க, நீங்க எழுதிப் போட்ட கூப்பன் இதுக்குள்ளதான் கெடக்கு. பூட்டப் பாருங்க, அரக்கப் பாருங்க. ஆடிக் கடைசி ஞாயித்துக்கெழமைதான் உடைப்போம். குலுக்காத சீட்டு உங்களுக்கு எப்படித் தம்பி விழும்?"

அவர் குனிந்து அரக்கு முத்திரையை விரலால் தடவினார். உருளையை லேசாக ஆட்டிப் பார்த்தார், உள்ளே காகிதம் சலசலத்தது. ஆயிரம் வார்த்தை பேசியும் நான் புரியவைக்க முடியாததை அந்தச் சலசலப்பு சொல்லிவிட்டது. அப்போது அவர் போன் அடித்தது. கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாகப் பன்னிரண்டு. நேரம் தவறாதவர்கள்.

அவர் எல்லாருக்கும் கேட்கும்படி ஒலியைத் திறந்துவிட்டார். தேன் ஒழுகும் பெண் குரல்.

"சார், உங்க ராகு காலம் முடிஞ்சிருச்சு. இன்னும் பத்து நிமிஷத்துல கட்டலைன்னா வண்டி அடுத்தவருக்குப் போயிடும் சார்."

"கட்டிரலாம் மேடம்" என்றார் காசிப்பாண்டி. "உங்க கடை வாசல்லதான் நிக்கிறேன். நீங்க எத்தனாவது மாடில இருக்கீகன்னு சொன்னா ரொக்கமாவே கொண்டுவந்து குடுத்துருவேன்."

இணைப்பு அறுந்தது. வாசலில் நின்ற காவலாளி முதலில் சிரித்தார், பிறகு துணி வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள், காசிப்பாண்டியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

உள்ளே கூட்டிப் போய் மோர் கொடுத்தோம். அப்புறம்தான் முழுக் கதையும் வந்தது. அந்தப் போலிப் பக்கத்தில் 'வேண்டும்' என்று எழுதியிருக்கிறார், உங்கள் கூப்பனுக்கு ஸ்கூட்டர் விழுந்துவிட்டது என்று அந்த மேடம் கூப்பிட்டிருக்கிறாள். தங்கச்சி செல்வியின் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆவணியில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தோடு தாய்மாமன்தான் எடுக்க வேண்டும். லோடு ஆட்டோ ஓட்டிச் சேர்த்த முப்பத்திரண்டாயிரம் ரூபாய் தோட்டுக்காக வைத்திருந்தார். போலிப் பக்கத்துக்காரர்கள் சாலை வரி, பதிவு, காப்பீடு என்று சொல்லிக் கேட்டதும் சரியாக அதே அளவு. அது எப்படி என்று கேட்டால், கையில் எவ்வளவு இருக்கிறது என்று அந்த மேடம் முதலிலேயே அக்கறையாக விசாரித்திருக்கிறாள்.

"தோட்டு காசு போனாப் போகுது, வட்டிக்கு வாங்கித் தோடு எடுத்துக்கலாம், ஸ்கூட்டரு கெடைக்குதேன்னு நெனச்சேங்க்கா. தங்கச்சி தெனம் ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போகுது. அவ வீட்டு விசேசத்துல போன தடவ நான் சீரு கொண்டுபோனப்ப, அவ மாமனாரு அம்புட்டுப் பேரு முன்னாடி சொன்னாரு, 'ஒங்கண்ணன் சீர ஒத்தக் கைல தூக்கிரலாம்'னு. இந்தத் தடவ ஸ்கூட்டர் வருதுன்னு அவருகிட்டயே போன் போட்டுச் சொல்லிட்டேன். சீருப் பட்டியல்லயும் எழுதிக் குடுத்துட்டேன். இப்ப எந்த மொகத்தோட போவேன்?"

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "தம்பி, நேத்து உங்களுக்கு ஆமான்னு சொன்னது நான்தான். எதுக்குக் கேக்குறீங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா இம்புட்டுத் தூரம் வந்திருக்காது. மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் மோரைக் குடித்து முடித்தார். "நேத்து வரைக்கும் எனக்கும் சந்தேகம் இருந்துச்சுக்கா. உங்க கொரலக் கேட்ட பெறகுதான் நம்புனேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அன்று சாயங்காலமே ஒரு அட்டையில் பெரிதாக 'எதுக்குக் கேக்குறீங்க?' என்று எழுதிப் போனுக்கு மேலே ஒட்டினேன். நீங்கள் உட்காரும் மேசையில் மஞ்சளாகிப் போய் இன்னும் இருக்கும், கிழித்துவிடாதீர்கள். பரிசு உண்டா, டெலிவரி உண்டா, இந்த நம்பர் உங்களுடையதா என்று யாராவது கேட்டால், ஆமா இல்லை என்பதற்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். ஒரு நிமிஷக் கணக்கு தவறினால் தவறட்டும், மேலாளரிடம் என் பெயரைச் சொல்லுங்கள். பரிசு கொடுக்கிறவன் வாங்குகிறவனிடம் முன்பணம் கேட்கமாட்டான், அவசரப்படுத்தமாட்டான், யாரிடமும் சொல்லாதே என்று வாயைக் கட்டமாட்டான். இதை வாடிக்கையாளருக்கு எப்படிப் புரியவைப்பது என்று திணறினால் கடைக்கு வரச் சொல்லுங்கள். கண் பார்த்தால் காது அடங்கும்.

ஆடிக் கடைசி ஞாயிறு குலுக்கல் நடந்தது. காசிப்பாண்டிக்கு விழுந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அதெல்லாம் நடக்கவில்லை. மேலூர்க்காரர் ஒருவருக்கு விழுந்தது. நான்தான் போன் செய்து வாழ்த்துச் சொன்னேன். "வேற வேல இல்லயா ஒங்களுக்கு? இன்னொரு தடவ கூப்புட்டா போலீசுக்குப் போவேன்" என்று வைத்துவிட்டார். மூன்று தடவை வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு நான்காம் நாள், இரண்டு மச்சான்களைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தொட்டார். என் வேலையில் திட்டு வாங்கி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஆவணியில் காசிப்பாண்டி நேரில் வந்து எனக்கும் சுலோச்சனாவுக்கும் பத்திரிகை வைத்தார். "தங்கச்சி மாமனாருகிட்ட விசயத்தச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன். "சொல்றேங்க்கா, சொல்றேன்" என்று தலையைச் சொறிந்தார். சொல்லவில்லை என்று அர்த்தம். தங்கச்சிக்கு மட்டும் தெரியும்.

டி. கல்லுப்பட்டி மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சீர் வந்துகொண்டிருந்தது. மேளம், வெடி, தலையில் தட்டு சுமந்த பெண்கள், மாலை போட்ட ஆட்டுக்கிடா. முன்னால் வந்த தட்டில் இரண்டு ஜோடித் தோடு. அதைப் பார்த்ததும் சுலோச்சனா என் கையை அழுத்தினாள். எங்கள் இருவருக்கும் அன்றைக்கு வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை போல இருந்தது. பிள்ளைகளின் அப்பா வீட்டு ஆட்கள் முன்வரிசையில் இருந்தார்கள், நடுவில் வெள்ளை மீசையோடு செல்வியின் மாமனார்.

மைக் செட்டுக்காரர் கையில் பட்டியலை வைத்துக்கொண்டு முழங்கினார். "தாய்மாமன் காசிப்பாண்டி அவர்கள் கொண்டுவந்திருக்கும் சீர்! பட்டு வேட்டி, பட்டுப் பாவாடை! தங்கத் தோடு ரெண்டு ஜோடி! ஆட்டுக்கிடா ஒன்று! தங்கச்சிக்குப் புத்தம் புது ஸ்கூட்டர் ஒன்று!"

அவர் கையில் இருந்தது ஆடியில் எழுதிக் கொடுத்த பழைய பட்டியல். மண்டபமே வாசலைத் திரும்பிப் பார்த்தது. வாசலில் ஆடுதான் நின்றது. ஸ்கூட்டர் எங்கே என்று ஒரு பையன் கேட்டான். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். நேராகப் போய் அந்த மைக்கைப் பிடுங்கலாமா என்று எழுந்தேவிட்டேன். அதற்குள் காசிப்பாண்டி மைக்கை வாங்கிவிட்டார்.

"ஸ்கூட்டர் இல்லீங்க" என்றார். "பரிசு விழுந்துருக்குன்னு போன்ல சொன்னாய்ங்க. நம்பிட்டேன். இந்தத் தோட்டு காசு மொத்தத்தையும் அவய்ங்களுக்கு அனுப்ப இருந்தேன். ராகு காலம் முடியட்டும்னு உக்காந்திருந்தேன், அந்தக் கேப்புல இந்தா ஒக்காந்திருக்காகளே, இந்த ரெண்டு அக்காவும் என்னையக் காப்பாத்திட்டாக. கடையில வந்து பாத்தா, சீட்டையே இன்னும் குலுக்கல!"

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் மண்டபம் மொத்தமும் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை அது, எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். "நல்லவேள மாப்ள, தோடு தப்பிச்சதே!" என்று ஒரு குரல். "ராகு காலத்துக்கு ஒரு மாலையப் போடுங்கடா!" என்று இன்னொரு குரல். பிள்ளைகள் மாமன் மடியில் உட்கார்ந்தார்கள், ஊசி பட்டதும் வீறிட்டார்கள், தோடு ஏறியது. நான் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்து, யாரோ என்னை அந்தப் பிள்ளைகளின் அம்மாச்சி என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

பந்திக்குப் போகலாம் என்று எழுந்தால் போக முடியவில்லை. "அக்கா, எனக்கு இப்படி ஒண்ணு வந்திருக்கு, பாருங்க." "ஏக்கா, இந்தக் கடை நெசமா?" ஒருவர் பின் ஒருவராகப் போனை நீட்டினார்கள். ஒரு பெண்ணுக்குத் தையல் மெஷின், ஒரு பையனுக்குச் செல்போன், இன்னொருவருக்குச் சிங்கப்பூர் டிக்கெட். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு நாற்காலி போட்டு மண்டபத்திலும் விசாரணை மேசை திறந்துவிட்டோம். முதல் பந்தி முடிந்தது, இரண்டாவது முடிந்தது.

கூட்டம் குறைந்த பிறகு மாமனார் வந்தார். கைகழுவும் குழாய்ப் பக்கம் என்னைக் கூப்பிட்டார். சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த போனை எடுத்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நீட்டினார்.

"தாயி, எனக்கு ஒரு பிரிட்ஜ் விழுந்திருக்குன்னு சொன்னாய்ங்க. போன வாரம் ரெண்டாயிரம் கட்டிட்டேன். நாளைக்கு எட்டாயிரம் கட்டச் சொல்லிருக்காய்ங்க. வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. எம்புட்டுப் பெரிய மடையன்னு கேலி பண்ணிருவாய்ங்கன்னு வாயத் தெறக்கல."

"மடையன் இல்லங்கய்யா. ஆச காட்டுறது அவய்ங்க தொழில். எட்டாயிரத்தக் கட்டாதீங்க, அது போதும்" என்றேன். அங்கேயே அந்த நம்பரைத் தடுத்துவிட்டு, சைபர் குற்றப் பிரிவில் புகாரும் பதிந்து கொடுத்தோம். இரண்டாயிரம் திரும்பி வந்ததா என்று எனக்குத் தெரியாது. எட்டாயிரம் போகவில்லை என்பது தெரியும்.

அவர் போனை உறைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு காசிப்பாண்டி பரிமாறிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், அவர் கையில் இருந்த வாளியை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார். "காலைலருந்து பட்டினியா நிக்கிற. வா மாப்ள, எம்பக்கத்துல உக்காரு" என்று தோளைப் பிடித்து இலைக்கு முன்னால் உட்கார வைத்தார்.

நானும் சுலோச்சனாவும் எதிர் வரிசையில் உட்கார்ந்தோம். கடைசிப் பந்தி அது, கறி தீர்ந்துபோயிருந்தது. ரசமும் அப்பளமும்தான் மிச்சம். இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.